அம்மாவின் பேணிகள்

பழைய பால்மாத் தகரப் பேணியைத் திறந்தால் ஒரு புளித்த வாடை வரும். வெள்ளவத்தைக் கடற்காற்றின் உப்பில் அதன் விளிம்பு துருப்பிடித்து, தொட்ட விரலெல்லாம் செம்மண் நிறமாகிவிடும். அந்த வாடைக்குள்தான் நான் வளர்ந்தேன். எங்கள் வாடகை வீட்டின் நடு அறையில் கூரை முட்டப் பேணிகள், யோகட் கோப்பைகள், ஐஸ்கிரீம் பெட்டிகள், மடித்த 'சொப்பிங் பேக்'குகள். கட்டிலுக்குப் போக, ஒருவர் பக்கவாட்டில் நடக்கும் அளவுக்கு ஒரு பாதை. எதைக் குப்பையில் போட்டாலும் அம்மா திரும்ப எடுத்துக் கழுவி வைப்பார். "சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து போரில் இடம்பெயர்ந்து நடந்தபோது, தண்ணீர் அள்ள ஒரு பேணிக்காக வீடு வீடாகக் கேட்டலைந்த கதையை அடிக்கடி சொல்வார். பன்னிரண்டு வயதில் எனக்கு அந்தக் கதை அலுத்துவிட்டது.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வகுப்புத் தோழிகள் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டால், "பெயின்ட் அடிக்கினம்" என்பேன். மூன்று வருடமாகப் பெயின்ட் அடிபட்ட வீடு கொழும்பிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் டெங்கு பார்க்கச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அப்பா கட்டாரில் வேலை. அம்மாவுக்குச் சிங்களம் மீன் வாங்கும் அளவுக்குத்தான் தெரியும். கொழும்பிலிருக்கும் தமிழர்கள் பொலிஸில் பதிய வேண்டியிருந்த காலம் அது; காகிதக் கட்டோடு யார் கதவைத் தட்டினாலும் பொலிஸ் பதிவு கேட்க வந்தவர்களென்றே நடுங்குவார். இடையில் நின்று கதைப்பது, பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்த என் வேலை. வந்தவர் நல்ல மனிதர். முற்றத்தில் கிடப்பவற்றைக் கவிழ்த்து வையுங்கள், தண்ணீர் தேங்கக் கூடாது, உள்ளே இருப்பவற்றால் பாதகமில்லை என்றார். நான் அம்மாவிடம் சொன்னது வேறு: உள்ளே இருப்பதும் முழுக்கப் போக வேண்டுமாம், திரும்பி வந்து பார்ப்பாராம், இருந்தால் வழக்காம்.

அம்மா உள்ளே போய், நெளிந்த ஒரு பேணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். இடப்பெயர்வில் தண்ணீர் அள்ளிய பேணி.

"இந்த ஒண்டை மட்டும் வைக்கலாமோ எண்டு கேள் பிள்ளை."

நான் அந்த மனிதரிடம், மழை நாளைக்கு விடுமா என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டினார்.

"ஏலாதாம் அம்மா."

பழைய சாமான் வண்டிக்காரர் மூன்று தடவை வந்து ஏற்றிப் போனார். அம்மா வாசலில் நின்றார். நான் அறையைக் கழுவி, அடுத்த சனிக்கிழமை தோழிகளைக் கூப்பிட்டுக் கேக் கொடுத்தேன். அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுத இப்போது கை கூசுகிறது.

நாலு மாதத்தில் அறை மறுபடி நிரம்பியது. இம்முறை குளியலறையும் சேர்ந்துகொண்டது. சொந்தக்காரர்கள் "ஊத்தை", "கஞ்சத்தனம்" என்றார்கள், நானும் அப்படியே நம்பினேன். அது ஒரு நோய் என்பதும், அந்தப் பொருட்களைப் பிரிவது அவருக்கு உயிர்ப்பயம் என்பதும், பறித்து எறிந்தால் அந்தப் பயம் இரட்டிக்கும் என்பதும் எனக்கு விளங்க இருபது வருடத்துக்கு மேலானது.

இன்று அந்த வீடும் இல்லை, முற்றமும் இல்லை. எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள். வண்டிக்காரரின் குரலும் கேட்பதில்லை. பேணிகள் மட்டும் எங்களோடு புது வீட்டுக்கு வந்துவிட்டன. மாதம் ஒருமுறை அம்மாவை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போகிறேன். மருத்துவருக்குத் தமிழ் தெரியாததால், இப்போதும் நான்தான் இடையில். வாரத்துக்கு ஒரு பெட்டி, ஒவ்வொரு பொருளையும் அம்மாவே கையில் எடுத்து, வைப்பதா விடுவதா என்று தானே முடிவெடுக்க வேண்டும் என்பது மருத்துவரின் முறை. பக்கத்தில் அம்மா நம்பும் ஒருவர் இருக்க வேண்டுமாம். அது யார் என்று போன கிழமை மருத்துவர் கேட்டார்.

அம்மா என் கையைப் பிடித்தார்.

"இவள் இருக்கட்டும். அண்டைக்கு அந்த ஐயா எல்லாத்தையும் எறியச் சொல்லேக்க, ஒண்டையாவது விடச்சொல்லி எனக்காகக் கேட்டது இவள்தான்."

மருத்துவர் என்னைப் பார்த்துக் காத்திருந்தார். ஒரு சொல்லும் மாற்றாமல் அதைச் சிங்களத்தில் சொன்னேன்.