கை தூக்கிக் கட்டிய பாலம்

1. மரத்தின் வேர்

எனக்குப் பின்னால் நின்ற ஊசியிலை மரத்தின் வேர் மண்ணைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தபோது, என் மனைவியின் தம்பி ராசன் ஆற்றுக்குள் தொடையளவு தண்ணீரில் நின்றான். அவன் தோளுக்குப் பக்கத்தில் ஒன்றரைத் தொன் இரும்பு பீம். அந்த பீமை இழுக்கிற கேபிள் என் விஞ்சில், கையால் நெம்பி நெம்பிப் பாரம் இழுக்கிற கருவியில், இருந்தது. விஞ்சைக் கட்டியிருந்தது அந்த மரத்தில். மரம் சரிந்தால் ஆற்றுப்பக்கமாகத்தான் சரியும், அவன் தலைக்கு மேலே.

நான் டோர்ட்மண்டில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை செய்து பென்சன் எடுத்தவன். பாரம் தூக்குவதும் இறக்குவதும் என் பகுதி. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் "அண்ணை, நீங்கள் ஆகப் பயந்த நாள் எது?" என்று கேட்டால், பட்டறையில் நடந்த ஒன்றையும் சொல்லமாட்டேன். தொண்ணூறுகளில், சம்பளம் இல்லாமல், ஒரு சனிக்கிழமை மலைப்பக்கம் போய்ச் செய்த வேலையைத்தான் சொல்வேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜேர்மன்காரர் பேசியதெல்லாம் ஜேர்மன் மொழியில்தான். ஆனால் என் மண்டைக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

2. சும்மா வேலை

எங்கள் பட்டறை மைஸ்ரர், அதாவது மேற்பார்வையாளர், நல்ல மனிதர், ஆனால் வாய் பொல்லாதது. சங்கிலியை முறுக்கோடு மாட்டினால் பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துவார். அவர் ஒருநாள் பூனை மாதிரி வந்து பக்கத்தில் நின்றார்.

"அன்ரன், சனிக்கிழமை உமக்கு நேரமிருக்கோ? எங்கட கிளப்புக்கு ஒரு பாலம் போடவேணும்."

ஓவர்டைம் என்று நினைத்து "ஓம்" என்றேன். பிறகுதான் தெரிந்தது, ஒரு பெனிக் காசும் கிடையாது, காப்பியும் கேக்கும் மட்டும்தான் என்று.

மைஸ்ரருக்கு மலைக்குள்ளே ஒரு சிறிய ஊரில் வீடு. அந்த ஊர்ப் பனிச்சறுக்குக் கிளப்பில் அவர் உறுப்பினர். காட்டுக்குள் சறுக்குத் தடம் போடுவதற்கு அவர்களிடம் மோட்டார் ஷ்லிற்றன் ஒன்று இருந்தது. முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை, பின்னால் சுழலுகிற பட்டி, மோட்டார்சைக்கிளில் இருக்கிற மாதிரி ஏறி இருந்து பனியில் ஓட்டுவது. காட்டுக்குள் யாராவது விழுந்து காலை முறித்துக்கொண்டால், படுக்கையைக் கொளுவி இழுத்து வருவதும் அதுதான். ஆற்றுக்கு மேலே இருந்த பழைய மரப்பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு அக்கரைக்குப் போவதென்றால் ஷ்லிற்றனை ட்ரெயிலரில் ஏற்றி, றோட்டுப் பாலம் வரைக்கும் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

புதுப் பாலத்தைக் கட்டுவது நகரசபை இல்லை. ஊர்க்காரர். பேக்கரிக்காரர், தச்சர், வாத்தியார், தோட்டக்காரர். இடித்த ஆலை ஒன்றில் இருந்து இரண்டு பழைய பீம்களை மைஸ்ரர் பார்த்து எடுத்துக் கொடுத்திருந்தார்.

வீட்டில் மனைவி றீற்றாவிடம் சொன்னேன். சட்டியைப் படாரென்று வைத்தாள்.

"வெள்ளைக்காரன் பனியில சறுக்கி விளையாட நீங்கள் காசில்லாமல் பாலம் கட்டப் போறியளோ? உங்களுக்கென்ன விசரோ?"

"மைஸ்ரர் கேட்டவர். மாட்டன் எண்டு சொல்ல ஏலுமே?"

"சரி, போறதெண்டால் இவன் ராசனையும் கூட்டிக்கொண்டு போங்கோ. லீவு நாளில ரீவிக்கு முன்னால கிடந்து கிடந்து உடம்பு வைக்குது. ஆனால் கவனம் என்ன? அவனுக்கு ஒண்டு நடந்தால் அம்மாவுக்கு நான்தான் பதில் சொல்லவேணும்."

ராசனுக்கு முப்பது வயது நெருங்கியிருந்தது. ரெஸ்ரோறண்ட் குசினியில் வேலை. நல்ல பெலசாலி. அவனிடம் ஒரே ஒரு குறை, 'ஏலாது' என்ற சொல் வாயில் வராது. அதுவும் வெள்ளைக்காரருக்கு முன்னால் என்றால் கேட்கவே வேண்டாம். நெருப்பைப் பிடி என்றாலும் "பிரச்சினையில்லை" என்று பிடிப்பான்.

3. மண்ணுக்கு யார் சொல்வது

அந்தக் கிழமை முழுக்க மழை. நாங்கள் போய் இறங்கியபோது ஆறு மண்ணிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திட்டம் இதுதான்: இக்கரையில் குழாய்களை உருளையாகப் போட்டு அவற்றின்மேல் முதல் பீமை வைப்பது. நடு ஆற்றில் நிறுத்தியிருந்த மரத்தாங்கிக்கு மேலாக, அக்கரையில் இருந்து நான் கைவிஞ்சால் இழுப்பது. பீம் துள்ளி ஓடாமல் பின்னால் ஒரு திராக்டர் சங்கிலி போட்டுப் பிடித்துக்கொள்வது. கேட்க லேசு. ஆனால் விஞ்சைக் கட்டுவதற்கு அக்கரையில் இருந்தது அந்த ஒரு மரம்தான். றோட்டுப் பாலத்தால் போய் அதைச் சுற்றி மிதித்துப் பார்த்தபோது சப்பாத்து புதைந்தது.

மைஸ்ரர் கிளப் தலைவரிடம் சொன்னார்: "வில்லி, மண் ஊறிப்போய்க் கிடக்கு. வாற கிழமை பாப்பம்."

வில்லி ஊரின் பேக்கரிக்காரர். சிவந்த முகம், பெரிய கை. "வாற கிழமை பனி விழுந்தால்? இந்தத் தாங்கியையே தண்ணி கொண்டுபோயிடும். இண்டைக்கே இழுப்பம்."

ஆளுக்கொரு கதை. வாத்தியார் ஒன்று சொன்னார், தச்சர் இன்னொன்று சொன்னார். கடைசியில் வில்லி கேட்டார்: "சரி, வாக்கெடுப்பம். இண்டைக்கு இழுக்கிறதுக்கு ஆர் ஆர் சம்மதம்?"

கைகள் உயர்ந்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நானும் ராசனும் உறுப்பினர் இல்லை, அதனால் எங்களைக் கேட்கவில்லை. மைஸ்ரர் கை தூக்கவில்லை. இன்னும் இரண்டு பேர் தூக்கவில்லை. மற்ற எல்லாரும் தூக்கினார்கள். இழுப்பது என்று முடிவாயிற்று.

நான் மைஸ்ரரைத் தனியே பிடித்தேன். "மைஸ்ரர், ஊறின மண் கை தூக்கினால் காயுமே?"

"வாக்கெடுத்தாச்சு, அன்ரன். இனிக் கதைச்சு வேலையில்லை" என்று கையுறையை மாட்டிக்கொண்டார்.

எனக்கு நம்ப ஏலவில்லை. பட்டறையில் ஒரு போல்ட் இளகியிருந்தாலே கிரேனை நிறுத்துகிற மனிதர். இங்கே தோற்றுப்போனவுடன் வாயை மூடிக்கொண்டு, வென்றவர்களை விட உற்சாகமாக வேலை செய்கிறார். கிளப் என்றால் அவர்களுக்கு அப்படித்தான். எதிர்த்து வாக்குப் போட்டவன்தான் பிறகு முதல் ஆளாகத் தோள் கொடுப்பான். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாரம் தூக்குகிற இடத்தில் அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும்.

4. ஆளுக்கொரு வாய்

நான் அக்கரைக்குப் போய் விஞ்சைப் பிடித்தேன். பீம் பாதித் தூரம் ஒழுங்காக வந்தது. பீமின் மூக்கு மரத்தாங்கியைத் தாண்டி எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் இக்கரையில் பீமுக்கு அடியில் ஒரு குழாய் குறுக்காகச் சிக்கிக்கொண்டது. பீம் ஓர் ஓரமாகத் திரும்பப் பார்த்தது. அதை நேராகப் பிடிக்க இரண்டு பேர் கயிற்றோடு தண்ணீருக்குள் இறங்கவேண்டும் என்றார்கள்.

தோட்டக்கார யோசெப் உடனே இறங்கினார். மற்றப் பக்கத்துக்கு ஆள் தேடினார்கள். நான் அக்கரையில். நான் வாயைத் திறப்பதற்குள் ராசன் "பிரச்சினையில்லை" என்று இறங்கிவிட்டான். எனக்கு வந்ததே ஆத்திரம்!

யோசெப்பின் மனைவி மரியானே திராக்டரில் இருந்தாள். நான் விஞ்சை நெம்பினேன். பீம் அசையவில்லை. கேபிள் மட்டும் இறுகி இறுகிக் கம்பியாக நின்றது. "வைற்றர்! வைற்றர்!" என்று வில்லி கத்தினார். நிறுத்தாதே, இன்னும் இழு என்று அர்த்தம். இன்னொரு நெம்பு. பின்னால் சடசடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தேன். வேர் வெளியே வந்திருந்தது, பச்சை மண் வாய் பிளந்திருந்தது.

"ஹால்ட்!", அதாவது நிறுத்து, என்று கத்தினேன். ஆற்றுச் சத்தம் விழுங்கிவிட்டது. கேட்ட சிலரும் வேறு வேறாகக் கத்தினார்கள். வில்லி "வைற்றர், இன்னும் கொஞ்சம்தான்!" என்றார். தச்சர் "விடு, விடு!" என்றார். வாத்தியார் "தண்ணிக்குள்ள நிக்கிறவை வெளியில வாங்கோ!" என்றார். மரியானே திராக்டரில் இருந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள்.

நான் தமிழில் கத்தினேன். "ராசன்! கயித்தை விட்டிட்டு வெளியில வாடா! மரம் சரியுது!"

அவன் மேலே பார்த்தான், மரத்தைப் பார்த்தான். முகம் வெளுத்தது. ஆனால் அசையவில்லை.

"ஏலாது அத்தான்! நான் விட்டால் பீம் யோசெப்புக்கு மேல போகும்!"

என் வாழ்நாளில் அவன் வாயால் 'ஏலாது' கேட்டது அப்போதுதான். அவன் சொன்னது சரி. யோசெப் விட்டால் இவன் மேல், இவன் விட்டால் யோசெப் மேல். நான் கேபிளை ஒரேயடியாக விட்டால் மூக்கு சரிந்து இரண்டில் ஒருவரை அடிக்கும். இழுத்தால் மரம் வரும். மாதாவே, றீற்றாவிடம் நான் என்ன சொல்லுவேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

ஒரு வழிதான் இருந்தது. திராக்டர் மெல்லப் பின்னால் இழுக்கவேண்டும், நான் அதே அளவுக்குக் கேபிளை விட்டுக் கொடுக்கவேண்டும். மூக்கு திரும்பத் தாங்கியின் மேல் குந்திவிட்டால் கயிறு தேவையில்லை. ஆனால் அதற்கு மரியானே ஒருவர் சொல்வதை மட்டும் கேட்கவேண்டும்.

பட்டறையில் மைஸ்ரர் கத்துகிற கத்தலை நான் அன்றைக்குக் கடன் வாங்கினேன். நெஞ்சு கிழியக் கத்தினேன்: "வாயை மூடுங்கோ எல்லாரும்! ஒருத்தரும் கதைக்கக்கூடாது! மரியானே, என்னை மட்டும் பார்!"

எல்லாரும் அடங்கிப்போனார்கள். உறுப்பினரும் இல்லாத ஒரு வெளிநாட்டுக்காரன் தலைவரைப் பார்த்து வாயை மூடு என்றதை அந்த ஊர் அதற்கு முன் கேட்டிருக்காது. மைஸ்ரர் மட்டும் கையை உயர்த்தி, "அன்ரன் சொல்லுறதைச் செய்யுங்கோ" என்றார்.

கையைக் காட்டினேன். திராக்டர் ஒரு சாண் பின்னால் போனது. நான் ஒரு நெம்பு விட்டேன். இன்னொரு சாண், இன்னொரு நெம்பு. மரியானேயின் கண்ணில் இருந்து தண்ணீர் ஓடியது, ஆனால் கால் பிசகவில்லை. தண்ணீருக்குள் நின்றது அவள் புருசன். பீம் முனகிக்கொண்டு தாங்கியின் மேல் குந்தியது.

"யோசெப், வெளியில! ராசன், இப்ப வாடா, ஓடி வா!"

இரண்டு பேரும் தவழ்ந்து இக்கரையில் ஏறினார்கள். நான் விஞ்சை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் பாய்ந்தேன். வேர் பிடி விட்டிருந்த மரம் அவசரப்படாமல், மெல்லமாகத்தான் சரிந்தது. தாங்கி தீப்பெட்டிக் குச்சி மாதிரி நொருங்கியது. பீமின் மூக்கு ஆற்றுக்குள் குத்தியது. ராசன் நின்ற இடத்தில் கிளைகள் மட்டும் தண்ணீரில் ஆடின.

நான் றோட்டுப் பாலத்தால் சுற்றி வந்து சேர்ந்தபோது வில்லி கரைச் சேற்றில் குந்தியிருந்தார். நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"போன பனிக்காலம் அக்கரையில ஒரு மனிசன் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தவர். ஷ்லிற்றனைக் கொண்டு போனது நான்தான். சுத்திப் போய்ச் சேரமுதல் எல்லாம் முடிஞ்சுது. இந்தப் பாலம் இண்டைக்கே வந்திடவேணும் எண்டு நிண்டன். அன்ரன், இன்னும் இரண்டு பேரைச் சாகக் குடுத்திருப்பன்."

நானும் அவர் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

5. அடுத்த சனிக்கிழமை

றீற்றாவுக்கு ராசனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு அறைக்குள் போனாள். நான் அவனை இனிக் கூட்டிக்கொண்டு போவதில்லை என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை காலையில் பார்த்தால் அவன் கார்க் கதவில் சாய்ந்துகொண்டு நிற்கிறான்.

"யோசெப் வாறார் அத்தான். நான் போகாமல் விடுறதே?"

றீற்றா ஜன்னலால் பார்த்தாள். பிறகு அவனுக்கு இரண்டு சோடி தடித்த காலுறை கொண்டுவந்து கொடுத்தாள்.

இந்த முறை பீமைத் தொட முதல் நான் முன்னால் வந்து நின்றேன். "ஒரு நிபந்தனை. 'வைற்றர்' சொல்லுறது ஒராள் மட்டும், அது நான். 'ஹால்ட்' ஆரும் சொல்லலாம். காப்பி கொண்டு வாற பிள்ளை சொன்னாலும் எல்லாரும் நிப்பாட்டவேணும். ஏன் எண்டு பிறகு கேட்கலாம்."

வில்லி சுற்றிப் பார்த்தார். "வாக்கெடுப்பம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அன்ரனும் ராசனும் சேர்த்துத்தான்" என்றார். எல்லாக் கையும் உயர்ந்தது.

பெரிய மரக்குற்றியைக் அக்கரையில் ஆற்றை விட்டுத் தள்ளி ஆழப் புதைத்து, அதில் விஞ்சைக் கட்டியிருந்தோம். விழுந்த மரத்தை அறுத்து எடுத்து, பீமைத் திராக்டரால் இக்கரைக்கு இழுத்து வைத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்திருந்தது, புதுத் தாங்கி நின்றது. ஒருவரையும் ஆற்றுக்குள் இறக்கவில்லை. ராசனும் யோசெப்பும் கரையில் இருந்தே நீளக் கயிற்றால் பிடித்தார்கள். பீம் நேராக வந்தது. மூக்கு அதே இடத்தைத் தாண்டுகிற நேரம் ஒரு குரல்.

"ஹால்ட்!"

வில்லி. நான் நிறுத்தினேன், மரியானே நிறுத்தினாள். எல்லாரும் குழாய், கேபிள், சங்கிலி எல்லாம் பார்த்தோம். ஒன்றிலும் பிழை இல்லை. வில்லி தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"ஒண்டுமில்லை" என்றார். "எனக்குப் பயமாயிருக்கு. அவ்வளவுதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ராசன் ஆற்றுக்கு மேலால் என்னைக் கூப்பிட்டான்.

"அத்தான், அவருக்குச் சொல்லுங்கோ. எனக்கும்தான் எண்டு."

ஜேர்மன் மொழியில் சொன்னேன். வில்லி தலையாட்டினார், யோசெப்பும் தலையாட்டினார். பாரம் தூக்குகிற தொழிலில் நான் படித்ததெல்லாம் இவ்வளவுதான்: பயத்தை வாய்விட்டுச் சொல்ல விடுகிற இடத்தில் ஆட்கள் சாவது குறைவு. அவர்களுக்கு மூச்சு வரும்வரை பொறுத்திருந்தேன். பிறகு "வைற்றர்" என்றேன்.