கயிறில்லாத கூடை

ஹட்டனில் ஒரு போன் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் அலுவலகம். கொழும்பு விளம்பர நிறுவனம் ஒன்றின் மலையகக் கிளை என்று கதவில் ஒட்டியிருக்கும். கிளை என்றால் நான், ஒரு கணினி, கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. எனக்கு மூன்று மாதத் தகுதிகாண் காலம். அதற்குள் நான் செய்யும் ஒரு இன்ஃபோகிராபிக்கையாவது வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் அம்மாவை மலை வேலையிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். கழுத்து வலியால் இரண்டு வருடமாக இடப்பக்கம் திரும்பிப் படுக்க முடிவதில்லை.

நாலு பக்கம் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். அதனால் அதை ஒரே நீளப் படமாக்கி, அதையும் படிக்காமல் விரலால் தள்ளிவிட வசதி செய்து கொடுப்பதற்குப் பெயர்தான் இன்ஃபோகிராபிக். அதன் சாஸ்திரத்தை எங்கள் மேலாளர் கொழும்பிலிருந்து வீடியோவில் எனக்கு உபதேசித்தார். ஒரு படத்துக்கு ஒரே கருத்து. மூன்று நிறத்துக்கு மேல் ஆகாது. பார்க்கிறவர் கண் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போகவேண்டும், எங்கேயும் முட்டக்கூடாது. முட்டுகிற எதையும் தயங்காமல் எடுத்துவிட வேண்டும். மனிதர் தேயிலையைப் பாக்கெட்டில் மட்டுமே பார்த்தவர். ஆனால் கண் எங்கே முட்டும் என்பதில் அவர் சொன்னது ஒருநாளும் தவறியதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் கைக்கு வந்தது ஒரு தேயிலைக் கம்பனியின் வேலை. கொழுந்திலிருந்து கோப்பை வரை ஏழு படி. பறிப்பது, வாட்டுவது, அரைப்பது, புளிக்கவைப்பது, காயவைப்பது, தரம் பிரிப்பது, கடைசியில் ஒரு வெள்ளைக்கார அம்மணி கண்ணை மூடிக்கொண்டு குடிப்பது. முதல் படிக்கான பெண்ணை அவர்களே வரைந்து அனுப்பியிருந்தார்கள். சிவப்புச் சேலை, முதுகில் கூடை, அவிழ்த்துவிட்ட கூந்தல், முப்பத்திரண்டு பல்லும் தெரியும் சிரிப்பு. அந்தி நேரத்தில் கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு கொழுந்து கிள்ளிவிட்டுப் போகலாம் என்று இறங்கியவள் மாதிரி இருந்தாள். அவளை மேலே வைத்துவிட்டு மற்ற ஆறையும் ஒழுங்காக அடுக்கினேன்.

வெளியிடுவதற்கு முன்னால் நாலு பேருக்கு மூன்று விநாடி காட்டி, என்ன நினைவிருக்கிறது என்று கேட்பது மேலாளர் சொல்லித்தந்த சோதனை. எனக்கு நாலு பேருக்கு எங்கே போவது? றொசல்லப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து லய வீட்டுக்கு வந்து, அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் போனை நீட்டினேன். இரண்டு பேரும் அரை மணி நேரம் பார்த்தார்கள். முதல் படியைத் தாண்டவே இல்லை. ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் பறித்தால் கங்காணி சும்மா விடுவாரா என்று அக்கா கேட்டார். இடுப்பில் படங்குத் துணி கட்டாமல் பனியில் இறங்கினால் எட்டு மணிக்குள் சேலை பூராவும் நனைந்துவிடும் என்றார். அந்தப் பல்லைப் பற்றியும் கொஞ்சம் பேசினார். அம்மா மட்டும் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கயிறு எங்க புள்ள? கூடை எதுல நிக்குது?"

நான் வாங்கிப் பார்த்தேன். கூடை அவள் முதுகில் தானாக ஒட்டிக்கொண்டிருந்தது. கூடையைத் தலையில் மாட்டித் தாங்கும் கயிறு இல்லை. இப்போது எங்கள் தோட்டத்தில் கூடை போய்ப் பை வந்துவிட்டது, ஆனால் கயிறு அதே தலையில்தான் தொங்குகிறது. அம்மாவின் உச்சியில் அது அழுத்தி அழுத்தி முடி கொட்டிப்போன ஒரு கோடு உண்டு. சிறுவயதிலிருந்து அந்தக் கோட்டைப் பார்த்து வளர்ந்த நான், அதைப் படத்தில் தேடவே இல்லை. எனக்கு நிஜமாகவே அவமானமாக இருந்தது.

மறுநாள் கயிறு ஒன்று வரைந்து அனுப்பினேன். கம்பனியின் விற்பனைத் தலைவிக்குக் கண் அங்கே முட்டியதாம். மெல்லியதாக்கி அனுப்பினேன். அந்தப் பெண் கஷ்டப்படுகிற மாதிரி தெரிகிறதாம். கஷ்டப்படாமல் கொழுந்து எப்படி வருகிறது என்று கேட்கத் தோன்றியது. மூன்றாவது தடவை இலையின் பச்சையிலேயே, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி வரைந்தேன். அன்று மேலாளரே போன் பண்ணினார்.

"கயிறு உண்மைதான்மா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா வலிக்கிற படத்த யாரும் ஷேர் பண்ண மாட்டாங்க. உங்க மூணு மாசம் வெள்ளிக்கிழமையோட முடியுது."

கயிற்றைத் தெரிவு செய்து அழித்தேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை. கூடையும் விழவில்லை. கணினியில் எதற்கும் பாரம் கிடையாது.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. தோட்டத்து வாழ்க்கையை அப்படியே கண்முன் நிறுத்திவிட்டேன் என்று விற்பனைத் தலைவி பாராட்டியிருந்தார். கூடவே என் நியமனக் கடிதமும் வந்தது.

அன்று பஸ் இறங்கி வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வேலை நிரந்தரம், அடுத்த மாதத்திலிருந்து நீங்கள் மலைக்குப் போகவேண்டாம் என்றேன். சரி, சரி என்றாள். பிறகு படத்தைக் காட்டச் சொன்னாள். இந்தப் பேச்சு வரும் என்று தெரிந்து பஸ்ஸிலேயே காரணமெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். மூன்று நிறம், கண் வழுக்குவது, கம்பனியின் விருப்பம். அதையெல்லாம் விட்டுவிட்டுப் போனைக் கொடுத்தேன்.

அம்மா முதல் படியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னொரு கை தன் உச்சியைத் தடவிக்கொண்டிருந்தது.

"கயித்த எடுத்துட்டியா," என்றாள்.

"பரவாயில்ல, விடு. அந்தப் புள்ளைக்காவது கழுத்து வலிக்காம இருக்கட்டும்."