துளசியக்காவின் தோளுக்கு ஏற்ற கட்டை

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காமல் இருந்தது காலை விசாரிப்புதான். பால் ஊற்ற வரும் பெண்ணோ பஸ்ஸுக்கு நிற்பவரோ, யாராக இருந்தாலும் "பன்னி வந்துச்சுங்களா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். உறவுக்காரர் வந்தாரா என்று கேட்பது போல இருக்கும். மூணாறு தேயிலைத் தோட்டத்தில், கம்பெனியின் வரிசை வீடான எங்கள் லயத்துக்குப் பின்னால் யானையே வந்து நிற்கும். விடிந்தால் அதை யாரும் விசாரிக்க மாட்டோம். மிதிபட்ட தேயிலை கம்பெனியுடையது, கவலையும் கம்பெனியுடையது. இங்கே ஒவ்வொரு நிலக்கடலைச் செடிக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவருக்குத் தூக்கம் இல்லை. மலையை விட்டு இறங்கி வந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்தத் தூக்கமின்மை புதிது; கொஞ்சம் பொறாமையும் தருவது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இங்கே வேளாண்மை அலுவலகமான கிருஷிபவனில் வேலை கிடைத்து வந்தபோது எனக்கு ஓர் அறையை வாடகைக்குக் கொடுத்தவர்கள் துளசியக்காவும் அவர் கணவர் ரங்கசாமி அண்ணனும். அண்ணன் நல்ல உயரம். குறி தவறாமல் சுடுவதில் பேர் எடுத்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் பைக் சறுக்கி விழுந்ததில் வலது தோள் போய்விட்டது. கை நெஞ்சுக்கு மேல் ஏறாது. அதனால் துப்பாக்கி லைசென்ஸை அக்கா பேருக்கு மாற்றினார்கள். பன்றியைச் சுட அனுமதி பெற, அக்கா அதிகாரிகள் முன் குறி பார்த்துச் சுட்டுக் காட்ட வேண்டும். முதல் முறை முடியவில்லை. அண்ணனின் நீளக் கைக்கு வாய்த்த, துப்பாக்கியின் பின்னால் தோளில் முட்டுக் கொடுக்கும் மரக்கட்டை அக்காவின் தோளில் நிற்காமல் நழுவியது. கன்றிய தோளோடு வீடு வந்தார். அதற்குள் பாதிக் கடலையைப் பன்றி கிளறிவிட்டிருந்தது.

கட்டையை அறுத்துக் குட்டையாக்கச் சொன்னார்கள் எல்லோரும். அண்ணனும் சொன்னார். அக்கா கேட்கவில்லை. காரணத்தைச் சமையல்கட்டில் என்னிடம் மட்டும் சொன்னார்: "அறுத்துப் போட்டா, இனி அவுரு தூக்கவே மாட்டாருன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிருமில்ல அம்மணி."

நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டை தனியாகவே விற்கிறது என்று போனில் தேடிச் சொன்னவள் நான். அதில் எனக்குப் பெருமை. பாலக்காட்டில் லைசென்ஸ் உள்ள கடைக்கு மூவரும் போனோம். கடைக்காரர் மரக்கட்டையைக் கழற்றிவிட்டுக் கறுப்புக் கட்டை ஒன்றைப் பொருத்தினார். அடியில் ஒரு பொத்தான். அழுத்தினால் கட்டை படிபடியாக உள்ளே போகும், வெளியே வரும். லைசென்ஸில் அக்காவின் பெயரைப் படித்த பிறகும் அவர் "சேட்டன் இங்ஙோட்டு நில்க்கூ" என்று அண்ணனைத்தான் தன் பக்கம் வந்து நிற்க அழைத்தார். முழங்கையை மடக்கச் சொல்லி அண்ணனின் கைக்கே அளவு வைத்தார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் விரலைப் பிடித்து அழுத்தினார். அண்ணன் நிமிர்ந்து நின்றிருந்தார். நான் குடிவந்த நாளிலிருந்து அவர் அப்படி நின்று பார்த்ததில்லை.

ஒரு வாரம் துப்பாக்கி அண்ணனின் அளவிலேயே பீரோவில் இருந்தது. பொத்தானை யாரும் தொடவில்லை. மறுபடி சுட்டுக் காட்டும் நாள் நெருங்கியதும், பெட்டியோடு வந்த இங்கிலீஷ் தாளை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். தோட்டா இல்லை என்பதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, அக்காவின் முழங்கையை அளந்து, ஒரு படி உள்ளே தள்ளினேன். வெறும் சேலையோடு அக்கா பிடித்துப் பார்த்தபோது சரியாக இருந்தது. மறுநாள் கடலைக்காட்டு வேலைக்குக் கிளம்பிய அக்கா, சேலைக்கு மேல் அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டையும் தோளில் மடித்த துண்டுமாகத் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தார். கட்டை அக்குளில் சிக்கியது.

"தாளு படிச்ச அளவு தாளுக்குத்தான் சேரும் அம்மணி" என்று அண்ணன் சிரித்தார்.

முகம் சுட்டது எனக்கு. அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. கொழுந்து பறிக்கப் போகும் அம்மா, கம்பளி போட்ட நாளில் கூடையின் வாரை நீட்டுவார். வெயில் நாளில் சுருக்குவார். கையெழுத்துப் போடத் தெரியாதவர். அளவு உடம்புக்கு மட்டுமில்லை, அன்றைய துணிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தாளை மடித்து வைத்தேன்.

"வேலைத் துணியோடவே புடிங்கக்கா" என்றேன்.

அக்கா பிடித்தார். அண்ணன் எழுந்து வந்து, இடது கையால் பொத்தானை அழுத்தி, கட்டையை இன்னொரு படி உள்ளே தள்ளினார்.

"இது உன்ற தோளு புள்ள. எனக்கு வேணுங்கறப்ப நான் இழுத்துக்கறேன்."

"இழுத்துக்குங்க. ஆரு வேண்டாம்னா?" என்றார் அக்கா. அவர் இனி இழுக்கப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் அக்கா சுட்டுக் காட்டினார். அனுமதி கிடைத்தது. தோள் கன்றவில்லை.

அதன் பிறகு ஒரு விடியலில் மூவரும் கடலைக்காட்டில் நின்றோம். பன்றி ஒன்று புதரிலிருந்து வெளிப்பட்டது. அக்கா தூக்கிய வேகத்தில் கட்டை தோளில் அமர்ந்தது, கன்னம் தானாகப் பதிந்தது. அண்ணன் மூச்சைப் பிடித்திருந்தார். அதற்குள் பன்றி கடைசி வரப்பைத் தாண்டிவிட்டது. வரப்புக்கு அப்பால் தமிழ்நாடு. அனுமதி இந்தப் பக்கத்துக்கு மட்டும். அக்கா துப்பாக்கியைத் தாழ்த்தினார். அந்தப் பக்கம் போய் நின்று பன்றி எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"அது உங்கூருக்குப் போயிருச்சு அம்மணி. நீயே போய்க் கூட்டீட்டு வா" என்றார் அண்ணன். என் பேச்சைக் கேட்டு என்னைத் தெக்கத்தி ஆளாகவே வைத்திருக்கிறார். திருநெல்வேலியிலிருந்து மலையேறியவர் என் கொள்ளுத்தாத்தா. அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. அப்பா ஓய்வு பெற்றதும் மூணாறு லயத்தையும் காலி செய்ய வேண்டும்.

அக்கா தோட்டாவை எடுத்துவிட்டு, காப்பி வைக்க முன்னால் நடந்தார். அண்ணன் அவர் பின்னால் போனார். நான் வரப்பில் கொஞ்ச நேரம் நின்றேன், இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக. இரண்டு செருப்பிலும் ஒரே ஈரமண் ஒட்டியிருந்தது.