பியூஸ் தாங்காத பெட்டி

கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் வான் வண்டியில் துணி விற்பவர். கட்டில் விரிப்பு, தலையணை உறை, ஆண்கள் உடுக்கும் சாரம் என்று ஏற்றிக்கொண்டு கம்பளைப் பக்கமும் தேயிலைத் தோட்டங்களுக்கும் போவார். தொண்டையில் சத்திரசிகிச்சை செய்த பிறகு அவருடைய குரல் போய்விட்டது. காதைக் கிட்டக் கொண்டுபோனால்தான் காற்று மாதிரி ஏதோ கேட்கும். கூவி விற்கிற மனிதர் வீட்டுக்குள் இருந்துவிட்டார்.

வழி கண்டவர் அவருடைய மனைவி. தானே சிங்களத்திலும் தமிழிலும் கூவி, கசெட்டில் பதிவுசெய்தார். பழைய கார் அம்ப்ளிபயர் ஒன்றை வாங்கி வானுக்குள் பூட்டி, கூரையில் இரண்டு ஸ்பீக்கர் வைத்தார்கள். ஒரு பெண்ணின் குரல் ரோட்டெல்லாம் கேட்பதா என்று சொந்தக்காரர் சிலர் முகம் சுளித்தார்கள். அந்த அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எட்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் பெட்டி செத்துவிட்டது. பட்டரியில் கொடுத்தவுடன் பியூஸ் எரியும். புதுசு போட்டால் அதுவும் எரியும். கண்டி டவுனில் இரண்டு கடைகளில் காட்டினார்கள். இரண்டு இடத்திலும் வீசிவிடச் சொன்னார்கள்.

நான் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உதவியாளர். அந்த அம்மா பெட்டியைச் சாரத்தில் சுற்றிக்கொண்டு வந்தார்.

“மிஸ், நீங்க கம்பஸ்ல மெஷினெல்லாம் திருத்துறதாமே. இத ஒருக்கா பாருங்கொ. இவருக்கு ஒரு சொல்லுக் கத்த ஏலா. இது இல்லாட்டி வான் சும்மாதான் நிக்கும்.”

கார் அம்ப்ளிபயர் ஒன்றை நான் அதுவரை திறந்ததே இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. “வைச்சிட்டுப் போங்கோ, பாக்கிறன்” என்றேன்.

ஆய்வுகூடத்தில் மீற்றரும் மற்றச் சாமான்களும் இருந்ததால் அடுத்த நாள் காலையில் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கொழும்பில் குண்டு வெடித்து மூன்று நாள்கூட ஆகவில்லை. சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரப் பெடியன் என் பையைத் திறந்தான். வயர் தொங்கும் இரும்புப் பெட்டியைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனான்.

“மேக மொகக்த?”

இது என்னவென்று கேட்கிறான். பாட்டுக்குச் சத்தம் கூட்டுகிற சாமான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அடையாள அட்டையைக் கேட்டான். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதற்குப் பிறகு பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றேன். பிறகு அதிகாரி ஒருவர் வந்து, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு நான் போகலாம் என்றார். போயிருக்கலாம். ஆனால் அது என் சாமான் இல்லை.

“விட்டுவிட்டுப் போக முடியாது, ஐயா. ஒரு ஸ்க்ரூட்ரைவர் தாருங்கள். திறந்து காட்டுகிறேன்.”

ஸ்க்ரூட்ரைவரைத் தந்துவிட்டு எல்லோரும் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். நான் தனியே நிலத்தில் குந்தி ஆறு ஆணிகளையும் கழற்றினேன். மூடியைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அதிகாரி கிட்ட வந்து எட்டிப் பார்த்தார். செப்புக் கம்பி சுற்றிய வளையம், கொஞ்சம் ட்ரான்சிஸ்டர்கள், தூசி. “ஹரி, யன்ன” என்று போகச் சொன்னார். ஆணிகளைத் திரும்பப் பூட்டி, பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

என் கணவர் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கிளாக்கர். அன்றிரவு விஷயத்தைக் கேட்டதும் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்.

“உமக்கு ஏன் இந்த வேலை? அவங்கள் உம்மைக் கொண்டுபோனா நான் எங்க போய்த் தேடுறது?”

“பெட்டி இனி வெளியில போகாது. நான் இங்கயே திருத்திறன்.”

“திருத்த ஏலாதெண்டு ரெண்டு கடைக்காரர் சொல்லிப்போட்டாங்கள்.”

“அவங்கள் சொன்னது அவங்களுக்கு” என்றேன். அந்தக் காலையில் வெயிலில் நின்ற கோபமும் அதில் இருந்தது.

ஆய்வுகூடத்து மீற்றரை இரவல் வாங்கி வந்தேன். சனி, ஞாயிறுகளில் குசினியில் சமையல் மேசையில் வேலை நடந்தது. பட்டரி தருவது பன்னிரண்டு வோல்ட்தான். பெரிய சத்தத்துக்கு அது காணாது. பெட்டிக்குள் நான்கு ட்ரான்சிஸ்டர்கள் அந்த மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி வளைய ட்ரான்ஸ்போமருக்குக் கொடுக்கும். அது வோல்ட்டை உயர்த்தும். நான்கும் எரிந்து ஷோர்ட்டாகிக் கிடந்தன. அவற்றின் கால்களில் ஈயம் புதுசாக மினுங்கியது. கடைக்காரர் ஒருவர் மாற்றிப் பார்த்திருக்கிறார். திரும்ப எரிந்ததும் கைவிட்டிருக்கிறார். அப்படியென்றால் எரித்தது வேறு ஏதோ.

புதிய நான்கு வாங்கிப் போட்டேன். ஆனால் பட்டரியை நேரே கொடுக்கவில்லை. இடையில் காரின் முன்விளக்கு பல்ப் ஒன்றைத் தொடுத்தேன். உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும், ட்ரான்சிஸ்டர்கள் தப்பும். பெட்டியைப் போட்டேன். குசினியே வெளிச்சமானது.

அடுத்த கிழமை, ட்ரான்ஸ்போமருக்கு அப்பால் இருக்கும் டயோட்டுகளைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் அதே வெளிச்சம். கடைசியில் ட்ரான்ஸ்போமரையே கழற்றினேன். பல்ப் எரியவில்லை. பிழை அதற்குள்தான். கம்பியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து எண்ணி எழுதினேன். அடிச் சுற்றில் இரண்டு கம்பிகள் ஒட்டிக் கறுத்திருந்தன. தோட்டத்து ரோட்டில் வான் குலுங்கிக் குலுங்கிக் கம்பியின் பூச்சு தேய்ந்துபோயிருந்தது.

மோட்டர் சுற்றுகிற கடையொன்றில் செப்புக் கம்பி வாங்கினேன். நான் சுற்றத் தொடங்கியபோது என் கணவர் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து முன்னால் இருந்தார்.

“எண்ணுறது நான். நீர் கதைக்காமல் சுத்தும்.”

இரண்டு நாள் சுற்றினோம். விரல் நுனி வெட்டுப்பட்டது. பூட்டிப் போட்டால் பழையபடி பல்ப் பளிச்சென்று எரிந்தது.

எல்லாவற்றையும் தூக்கி எறியத் தோன்றியது. கணவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடித்துவிட்டு, அவிழ்ப்பதில்லை என்று முடிவெடுத்து, சுற்றுகளைக் கடதாசியில் வரைந்தேன். பிழை என்னுடையது. பட்டரிப் பக்கச் சுற்றின் இரண்டு பாதிகளில் ஒன்றைத் தலைகீழாக இணைத்திருந்தேன். இரண்டு முனைகளை மாற்றி ஈயம் வைத்தேன்.

இந்த முறை பல்ப் ஒரு கணம் மின்னி அடங்கிவிட்டது. மீற்றரில் வோல்ட் சரியாக நின்றது.

பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டோம். பல்பை எடுத்துவிட்டுப் பியூஸைப் போட்டேன். பியூஸ் நின்றது. கசெட்டைத் தட்டியதும் அந்த அம்மாவின் குரல் முற்றம் முழுவதும் கேட்டது: கட்டில் விரிப்பு, தலையணை உறை, சாரம். அவர் வெட்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அவருடைய கணவர் ஸ்பீக்கரில் கையை வைத்தபடி கசெட் முடியும்வரை நின்றார். என் பக்கம் திரும்பி வாயசைத்தார். எனக்கு விளங்கவில்லை.

“சும்மா வாங்க மாட்டாராம், மிஸ்” என்றார் அம்மா. “நீங்க ஒரு விரிப்பாவது எடுக்கணுமாம்.”

நீலப் பூப்போட்ட ஒன்றை எடுத்தேன். வளையம் இனித் தேயாதபடி துணி நாடா சுற்றி இறுக்கினேன். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பெட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். திங்கட்கிழமை பின்னேரம் வான் வந்து நின்றதும் பக்கத்து வீட்டுக்காரர் மதிலடிக்கு வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டித் தலையசைத்தார். சூடு இல்லை.

பெட்டி நான்கு வருடம் ஓடியது. இடையில் ஒரேயொரு தரம் பியூஸ் போனது. அது எலி வயரைக் கடித்ததால்.