ஆஃப்ராவும் விலாசம் கேட்கும் பெட்டிகளும்

மேசைக்கு அடியில் குத்தவைத்தால்தான் ஆஃப்ராவுக்கு யோசனை ஓடும். நாற்காலி போட்டாலும் தள்ளிவிட்டு, முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு கீழே போய்விடுவாள். அங்கிருந்தே கம்ப்யூட்டரோடு பேச்சு: “ஏலே, இந்த நம்பரை உனக்கு யாரு குடுத்தா?”

என் மதினி உம்மு ஹபீபாவின் கடைசிப் பேத்தி இவள். அந்த வழியில் எல்லாரும் இப்படித்தான். இவள் தாய்மாமன் ஜுபைர் கடைத் தராசோடு பேசுவதென்ன, சண்டையே போடுவார்.

கொடைக்கானல் பஜாரில், குமாரவேல் மாடியில் நடத்துகிற டைப்பிங் சென்டருக்கு இவள்தான் வைத்தியம் பார்க்கிறவள். அங்கிருக்கிற கம்ப்யூட்டர்களுக்குச் சொந்த ஞாபகம் கிடையாதாம். காலையில் கண்விழித்ததும், “என் விலாசம் என்ன?” என்று கேட்குமாம். மூலையில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர் விலாசத்தைச் சொல்லி, அன்றைய சோலியையும் ஊட்டிவிடுமாம்.

போன வாரம் பரீட்சையன்று பாதி கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. மலைக்கோடியில் இருக்கிற கிளாவரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஸ்வேதாவும் மற்ற பிள்ளைகளும் வாசலில் நின்றார்கள். பரீட்சை நடத்துகிற ஆபீசர் வருவதற்குள் சரியாகாவிட்டால் பரீட்சை ரத்து. மறுபடி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மிஷின் பழசாகிவிட்டது என்று குமாரவேல் புலம்பினார்.

“மிஷினு நல்லாத்தான் கெடக்குண்ணே. விலாசம் சொல்ல இன்னொரு ஆளு வந்துருக்கு. எது முந்துதோ அது பேச்சைக் கேக்குதுங்க” என்று மேசைக்கு அடியிலிருந்து ஆஃப்ரா சொன்னாள்.

அவள் வயரைத் தடவிக்கொண்டே போனால் அது ஜன்னல் வழியாக இறங்கி, கீழே கண்மணியின் டீக்கடையில் முடிந்தது. சீசனுக்கு வருகிறவர்கள் வைஃபை கேட்கிறார்கள் என்று முந்தின சாயங்காலம்தான் ஒரு பழைய பெட்டியை மாட்டியிருக்கிறாள். அதுதான் அந்த இன்னொரு ஆள். வயர் கொடுத்ததே குமாரவேல்தான். கொடுத்ததை மறந்துவிட்டு, பிடுங்கி எறியச் சொன்னார். கண்மணிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“எதுக்குப் பிடுங்கணும்? நெட்டு குடுக்கட்டும். விலாசம் மட்டும் குடுக்காதன்னு சொல்லிருவோம்” என்று ஆஃப்ரா தன் போனிலேயே எதையோ தட்டி, அந்தப் பெட்டியின் வாயை அடைத்தாள்.

மாடியில் ஒவ்வொரு கம்ப்யூட்டராக வெளிச்சம் வந்தது. பிள்ளைகள் வெரசாக உட்கார்ந்தார்கள். பஸ் குளிரில் விறைத்த ஸ்வேதாவின் விரல்கள் மட்டும் மடங்கவில்லை. கண்மணி கொண்டுவந்த டீயை வாய்க்குக் கொண்டுபோன ஆஃப்ரா, சூடு ஆறாத அந்தக் கிளாஸை அப்படியே ஸ்வேதாவின் உள்ளங்கைகளுக்குள் வைத்து, தன் கைகளால் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.