கம்ப்யூட்டருக்குத் தைத்த கோட்டு

கோட்டு மாஸ்டர் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் ஒருவருக்கும் தெரியாது. கோட்டு தைப்பதில் அப்படி ஒரு கை. தோளில் பிடிக்கிறது, அக்குளில் இழுக்கிறது என்று அவர் தைத்தது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவரே தினமும் ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார். தற்பெருமை கூடாதுதான். ஆனால் உண்மையாகவும் இருந்து தொலைக்கிற தற்பெருமையை என்ன செய்வது?

வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னல் ஓரம் அவருடைய வெட்டு மேசையும் தையல் மெஷினும். எதிர்ச் சுவரில் அவர் மனைவியின் கம்ப்யூட்டர். தெருவுக்கு அவர் டைப்பிங் அக்கா. கையால் எழுதியதை எடுத்துக்கொண்டு யார் வந்தாலும் அழகாக அடித்துக் கொடுப்பார். முன்பெல்லாம் கணவர் தைக்கிற கோட்டுகளில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவர்தான். ஊசியில் நூல் கோக்கக் கண் தகராறு செய்ய ஆரம்பித்ததும், "திரையில எழுத்தைப் பெருசாக்கிக்கலாமாமே" என்று டைப்பிங் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். பிறகு தன் சம்பாத்தியத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கினார். அந்த வீட்டில் அவருக்கே அவருக்கு என்று இருந்தது அது ஒன்றுதான். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் துடைப்பார்.

இங்கே கத்தரிக்கோல் சத்தம், அங்கே விசைப்பலகைச் சத்தம். நடுவே ஆளுக்கொரு டீ. அப்போது அக்கா அடித்துக்கொண்டிருந்தது, ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய புத்தகம். பிரசவ அறைக் கதைகளை அக்கா அடிக்க அடிக்க வாய்விட்டுப் படிப்பார். மாஸ்டர் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். "அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?" என்று கேட்டால், "நாளைக்கு அடிக்கும்போது தெரியும்" என்று அக்கா சிரிப்பார். நிம்மதிக்கு வேறு இலக்கணம் வேண்டுமா?

வினை மாஸ்டரின் நல்ல மனசிலிருந்துதான் புறப்பட்டது. எந்தப் பொருளையும் வெற்றுடம்போடு பார்க்க அவருக்குச் சகிக்காது. மிக்ஸிக்கு உறை, ரேடியோவுக்கு உறை, டார்ச் லைட்டுக்குக்கூட உறை. அந்த வீட்டில் சட்டை போடாமல் இருந்தவை சுவர்க்கடிகாரமும் கம்ப்யூட்டரும் மட்டுமே. ஒருநாள் அக்கா, "உங்க துணித்தூசி மொத்தமும் இது மேலதாங்க வந்து உக்காருது" என்று சொல்லிவிட்டார். போதாதா? மாஸ்டர் டேப்பை எடுத்தார்.

கம்ப்யூட்டர் பெட்டிக்கு அவர் தைத்தது உறையல்ல, முழுக் கோட்டு. வெளியே கெட்டித் துணி, உள்ளே பஞ்சு வைத்த லைனிங், பின்பக்கம் ஜிப். சுவிட்ச் இருக்கும் இடத்தில் காஜா. ஒயர்கள் வெளியே வர, சட்டைக் கை முனை போல மடித்து அடித்த துளை. பின்புறமும் பக்கவாட்டிலும் இருந்த சல்லடை ஓட்டைகளைப் பார்த்து, "இது வழியாத்தான் தூசி போகுது" என்று அங்கே மட்டும் லைனிங்கை இரட்டையாகக் கொடுத்தார். கழற்றவே வேண்டியதில்லை, போட்டபடியே வேலை செய்யலாம் என்பதுதான் அதன் விசேஷம். சாயங்காலம் உள்ளே கையை விட்டுப் பார்த்தார். கதகதவென்று இருந்தது. ஒரு கோட்டுக்கு இதைவிட நற்சான்று ஏது? பூரித்துப்போனார். பார்த்தவர்கள் கேட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் சில வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் தைத்துக் கொடுத்தார்.

வெயில் ஏறியதும் கம்ப்யூட்டர் தன்னால் அணைய ஆரம்பித்தது. பக்கத்தின் நடுவில், வாக்கியத்தின் நடுவில் பொட்டென்று போய்விடும். சற்று ஆறவிட்டால் திரும்ப வரும். "நான்தான் அதுக்கு ஓய்வே கொடுக்கிறதில்ல" என்று அக்கா கவலைப்பட்டார். மாஸ்டர் மேசை விசிறியைக் கொண்டுவந்து அதன் பக்கம் திருப்பிவைத்தார். பஞ்சுக்கோட்டுக்கு வெளியே காற்று ஜோராக அடித்தது.

ஒருநாள் மத்தியானம், உள்ளே பட்டென்று ஏதோ வெடித்தது. ஜிப் இடுக்கு வழியாக மெல்லிய புகை. எரிந்த பிளாஸ்டிக் நாற்றம் அறை முழுக்கப் பரவியது. அக்கா விரல்களை விசைப்பலகையிலிருந்து இழுத்துக்கொண்டு அப்படியே எழுந்து நின்றார். மாஸ்டர் ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். அந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

நன்றாக ஆறிய பிறகு, கோட்டோடு அள்ளிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். அங்கே ரிப்பேர் கடை வைத்திருந்த பெண் ஜிப்பை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன மாஸ்டர் இது, குளிருமேன்னு போட்டீங்களா?"

"தூசிக்கும்மா."

அவள் பெட்டியைத் திறந்து காட்டினாள். பவர் சப்ளை கருகியிருந்தது. போர்டில் இருந்த கப்பாசிட்டர் என்ற குட்டி உருளைகள் சில, தலை உப்பி நின்றன. "இந்த ஓட்டை எல்லாம் அது மூச்சு விடுற வழி மாஸ்டர். உள்ள சூடாகுற காத்து இது வழியாத்தான் வெளிய போகணும். நீங்க மூக்கையும் வாயையும் பொத்தி, மேல கம்பளியும் போத்தி விட்டிருக்கீங்க. இத்தனை நாள் தாங்கினதே பெருசு."

"உள்ள இருக்கிற புஸ்தகம்?"

"டிஸ்க் நல்லா இருக்கு, பயப்படாதீங்க. பவர் சப்ளையை மாத்தணும். உப்பினதை எடுத்துட்டு வேற வெச்சு ஈயத்தால ஒட்டணும். பாகம் வர ஒரு வாரம் ஆகும்."

திரும்பி வருகிற வழியெல்லாம் மாஸ்டர் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டில் அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"எல்லாம் என் கை ராசிங்க. ஓயாம ஓட்டி எரிச்சுட்டேன். நர்ஸம்மாகிட்ட வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

புத்தகம் பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் மாஸ்டர் சொன்னார். மிச்சத்தை மென்று விழுங்கினார். தைத்தது தப்பு என்று சொல்லி அந்த நாக்குக்குப் பழக்கமில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தார். மறுநாளும் அதையே நினைத்தார். அந்த வாரம் ஒரு கோட்டின் இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தார். அக்கா எதிரே, காலியாய்க் கிடந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதை இல்லாத டீயை மாஸ்டர் பாதியிலேயே வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. மாஸ்டர் ஒயர்களைச் செருகிவிட்டுத் தள்ளி நின்றார். அக்கா கிட்டே வரவில்லை. தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"வேணாங்க. திரும்பவும் எரிச்சிடுவேன். யாருக்காவது குடுத்துடுங்க. நான் பழையபடி காஜாவே எடுக்கிறேன்."

அவ்வளவுதான். இத்தனை நாள் மென்று விழுங்கியது அத்தனையும் கொட்டியது. "நீ எரிக்கல. நான் எரிச்சேன். அந்தக் கோட்டுதான். காத்துப் போற ஓட்டையைப் பாத்துப் பாத்து அடைச்சுத் தைச்சேன். கடையில அன்னிக்கே சொல்லிட்டாங்க."

அக்கா முந்தானையிலிருந்து கையை வெளியே எடுத்தார்.

"அன்னிக்கேவா?"

"ஆமா."

"ஒரு வாரமா நான் என் கையைத் திட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா" என்றார் மாஸ்டர். வெட்கத்தில் காது சுட்டது.

அக்கா உள்ளே போனார். பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே பேசின. பிறகு கதவருகே வந்து நின்று கேட்டார். "எத்தனை வீட்டுக்குத் தைச்சுக் குடுத்தீங்க?"

"நாலஞ்சு இருக்கும்."

"போய்க் கழட்டிட்டு வாங்க. அங்கயும் எவளாவது தன் கையைத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்கப் போறா."

மாஸ்டர் போனார். முதல் வீட்டு வாசலில்தான் செருப்பை இரண்டு முறை கழற்றி மாட்டினார். "நான் தைச்சது தப்பாப் போச்சு, கழட்டிக் குடுங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த வீட்டில் அவ்வளவு கஷ்டமில்லை. ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில், "இவ்வளவு அழகா இருக்கே, மாஸ்டர்" என்று தர மறுத்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி வாங்கினார். மூலை வீட்டு வாத்தியாருடையதும் அடிக்கடி தன்னால் அணைந்துகொண்டிருந்ததாம். அவர் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் பெட்டியைத் தொட்டுவிட்டு, "அப்போ நான் தப்பா எதையும் அமுக்கலையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மாஸ்டர் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே ஜிப்பை இழுத்தார்.

கை நிறையக் கோட்டுகளோடு அவர் வீட்டுக்குத் திரும்பியபோது உள்ளே மின்விசிறி மாதிரி மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

"வேற யார்கிட்டயும் குடுத்துடலயேம்மா? அப்பாடா. இல்லம்மா, என் கையில ஒரு கோளாறும் இல்லையாம். மிச்சத்தை நானே அடிச்சுத் தரேன்."

மாஸ்டர் உள்ளே போகவில்லை. அக்கா அதைச் சொல்லி முடிக்கட்டும் என்று வாசலிலேயே நின்றார்.