டேனர் குபிக்கின் வளைந்த சுண்டுவிரல்

டேனர் குபிக்கின் இடது கைச் சுண்டுவிரல் நேராக நிற்காது. இப்போது அவன் எங்கள் வட்டாரத்தில் விதைச்சோளம் விற்கிறான். வயலோரம் வண்டியை நிறுத்திவிட்டு, "அந்த மூலையில தண்ணி தேங்குது, பாத்துக்குங்க" என்று கையை நீட்டினால், மற்ற விரல்கள் அந்த மூலையைக் காட்டும்; சுண்டுவிரல் மட்டும் அடுத்தவன் வயலைக் காட்டும். விவசாயிகள் விடுவார்களா?

"என் நெலத்தச் சொல்றியா, இல்ல பக்கத்து நெலத்தையும் சேத்து வாங்கச் சொல்றியா?"

டேனர் சிரிப்பான். விரல் எப்படி வளைந்தது என்று மட்டும் சொல்லமாட்டான். நான் சொல்கிறேன். ஏழாம் வகுப்பிலிருந்து அவன் கைக்குப் பந்து கொடுத்தவன் நான்.

முந்நூற்றுப் பத்துப் பேர் இருக்கும் ஊர் எங்களுடையது. பள்ளியில் பதினொரு பையன்கள் தேறாததால், அணிக்கு எட்டுப் பேர் வைத்து ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால்தான் ஆடினோம். நான் நடுவில் குனிந்து நின்று பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் தள்ளுவேன். டேனர் அதை வாங்கி, யார் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்த்து எறிவான். எறிகிறவன்தான் குவார்ட்டர்பேக். மற்றவர்கள் எல்லாம் அவன் சொன்னதைச் செய்கிறவர்கள். லோகன் க்ரீக் கல்லூரியில் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் இடம் கிடைத்தது. இரண்டு வீட்டிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆட்கள் நாங்கள்தான். அந்தக் கடிதத்தை என் அம்மா இன்றைக்கும் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து எடுக்கவில்லை.

மூன்று வருடம் டேனர் சிவப்பு ஜெர்சி போட்டான். பயிற்சியில் ஆளுக்கு ஆள் மோதிக்கொள்வோம், மண்ணில் புரட்டுவோம். சிவப்பு போட்டவனை மட்டும் யாரும் தொடக் கூடாது. அவன் தோள் உடைந்தால் அணியே உடைந்துபோகும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு. தெரியாமல் இடித்தவன்கூட மைதானத்தைச் சுற்றி இருபது தடவை ஓட வேண்டும்.

ஆனால் தோள் உடைந்தது பயிற்சியில் அல்ல. மூன்றாம் வருடக் கடைசி ஆட்டத்தில் கீழே விழுந்தபோது. அறுவைச் சிகிச்சை முடிந்து ஆகஸ்டில் திரும்பி வந்தான். இருபது கஜம் வரை பந்து அம்பு மாதிரி போனது. அதற்கு மேல் நனைந்த துணி மாதிரி விழுந்தது.

கோச் டர்னெல் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. எல்லார் முன்னாலும் சொன்னார்.

"டேனர், தோள் போச்சு. காலு இருக்கு, கை இருக்கு. கடைசி வருஷம் களத்துல நிக்கணும்னா ரிசீவரா ஓடிப் பந்தப் பிடி. இஷ்டமில்லன்னா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாரு."

"பிடிக்கிறேன் கோச்."

மறுநாள் அவன் லாக்கரில் வெள்ளை ஜெர்சி தொங்கியது. சிவப்பு, டெக்சாஸிலிருந்து வந்த முதல் வருடப் பையன் ஜெய்லன் பிக்கெட்டுக்குப் போயிருந்தது. பதினெட்டு வயது. பீரங்கி மாதிரி எறிகிற கை. பெரிய வகுப்புப் பையன்களை எல்லாம் "பெருசு" என்றுதான் கூப்பிடுவான்.

வெள்ளை போட்ட முதல் நாளே, எங்கள் தடுப்பாட்டக்காரன் பெல்லமி டேனரைத் தூக்கித் தரையில் அடித்தான். எழுப்பிவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"மூணு வருஷமா இதுக்குத்தான்டா காத்துக்கிட்டு இருந்தேன்! எனக்குப் பிறந்தநாள் பரிசு மாதிரிடா!"

எல்லாரும் சிரித்தோம். டேனரும் வாயிலிருந்த புல்லைத் துப்பிவிட்டுச் சிரித்தான். இரண்டாவது வாரம் சுண்டுவிரல் மூட்டு விலகியது. பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றிக்கொண்டு ஓடினான்.

அடியை அவன் தாங்கினான். தாங்க முடியாதது இன்னொன்று. கல்லூரி அணியில், ஒவ்வொரு தடவை பந்தை நகர்த்துவதற்கும் முன்னால் பதினொரு பேரும் வட்டமாகக் குனிவோம். அந்த வட்டத்தில் குவார்ட்டர்பேக் ஒருவன்தான் பேசுவான். அடுத்தவன் வாயைத் திறக்கக் கூடாது. செப்டம்பர் முதல் வாரம், பழக்கத்தில் டேனர் தொடங்கிவிட்டான்: "அவங்க இடது பக்கம் சாயறாங்க, அதனால நாம..."

பிக்கெட் நிமிர்ந்தான்.

"பெருசு, இங்க பேசுறது நான்."

நான் டேனர் முகத்தைப் பார்க்காமல் என் ஷூவைப் பார்த்தேன்.

நான்காவது ஆட்டத்தில்தான் அது நடந்தது. குவார்ட்டர்பேக்காக இருந்து ரிசீவர் ஆனவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஏழு காலடி ஓடி எட்டாவதில் உள்ளே, மைதானத்தின் நடுவை நோக்கி, திரும்ப வேண்டும் என்பது அவனுக்குச் சொல்லப்பட்ட ஓட்டம். ஓடும்போதே எதிரணியைப் படித்துவிட்டான். உள்ளே ஆள் நிற்கிறான், வெளியே புல் காலி. மூன்று வருடம் எறிந்த மூளை, 'பந்து வெளியேதான் வரவேண்டும்' என்று முடிவு செய்துவிட்டது. வெளியே திரும்பிக் கையைத் தூக்கினான். பிக்கெட்டோ சொன்ன இடத்துக்கு எறிந்துவிட்டான். அங்கே எதிரணிக்காரன் மட்டும் நின்றிருந்தான். மடியில் விழுந்த பந்தோடு அறுபது கஜம், எங்கள் எல்லைவரை ஓடிப் புள்ளி எடுத்தான். மூன்று புள்ளியில் தோற்றோம்.

கோச் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீ பாத்தது சரி. வெளிய காலிதான். ஆனா நீ பாத்தத அவன் பாக்கல. எனக்குப் புத்திசாலி வேண்டாம் டேனர், சொன்ன எடத்துல ஆளு வேணும். இன்னொரு தடவை ஓட்டத்த மாத்தினா ஜெர்சிய மடிச்சு வச்சிட்டு வீட்டுக்குப் போயிடு."

வண்டி நிறுத்துமிடத்தில் டேனரின் அப்பா லாரியின் பின்பலகையை இறக்கி, காரமான பீன்ஸ் குழம்பையும் லவங்கப்பட்டை ரொட்டியையும் எடுத்து வைத்திருந்தார். பன்றிப் பண்ணைக்காரர். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார்.

"நீ எறிஞ்சிருந்தா அது அவன் கைக்குப் போயிருக்காது" என்றார்.

"நான் எறியலப்பா. போக வேண்டிய எடத்துக்குப் போகல, அவ்வளவுதான்."

அப்பா ரொட்டியைக் குழம்பில் முக்கினார். அதற்குப் பிறகு ஐந்து ஆட்டத்துக்கு அவர் வரவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து, பயிற்சி முடிந்ததும் டேனர் அந்த ஒரே ஓட்டத்தை ஓடத் தொடங்கினான். வாய்விட்டு எண்ணுவான். ஏழு, உள்ளே. ஏழு, உள்ளே. திரும்புகிற இடத்தில் நான் மெத்தைத் தடுப்போடு நின்று நெஞ்சில் இடிக்க வேண்டும்.

"மெதுவா இடிக்கிறடா குண்டா. உங்கம்மா பாக்குறாங்களா?"

இடித்தேன். அப்புறம் அவன் பிக்கெட்டிடம் போய், கொஞ்ச நேரம் நின்று எறிந்துதரக் கேட்டான். பிக்கெட் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பார்த்தான்.

"எதுக்கு? என் எடத்தத் திரும்பப் பிடிக்கவா?"

"இந்தத் தோள வச்சு வைக்கோல் கட்டுகூடத் தூக்க முடியாது தம்பி. நான் எங்க இருப்பேன்னு உனக்குத் தெரியணும். அதுக்குத்தான்."

பிக்கெட் நம்பவில்லை. ஆனாலும் எறிந்தான். ஒரு நாளைக்கு முப்பது பந்து. இரண்டு பேரும் வேறு ஒரு வார்த்தை பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை. மாட்டுப் பட்டிகளின் வாடையைச் சுமந்துகொண்டு வடக்குக் காற்று எதிரே அடித்தது. டேனருக்கும் எனக்கும் கடைசி ஆட்டம். அவன் அப்பா வந்திருந்தார், மேல் வரிசையில், காதில் ரேடியோவோடு. இரண்டு புள்ளி பின்தங்கி இருந்தோம். இருபத்திரண்டு விநாடி மிச்சம். நான்காவது முயற்சி, அதுதான் கடைசி. ஒன்பது கஜம் போனால் ஆட்டம் எங்கள் கையில் இருக்கும், மூன்று புள்ளிக்கு உதைக்கிறவனுக்குக் கம்பமும் எட்டும். போகாவிட்டால் முடிந்தது.

வட்டத்தில் குனிந்தோம். யார் எங்கே ஓட வேண்டும் என்று பிக்கெட் சொன்னான். டேனருக்கு அதே ஓட்டம். ஏழு, உள்ளே.

டேனர் வாயைத் திறக்கவில்லை. டேப் சுற்றிய விரல்களை மட்டும் ஒரு தரம் மடக்கி நீட்டினான்.

பந்தின் மேல் கைவைத்துக் குனிந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது எதிரணியின் முப்பத்தொன்றாம் எண்காரன் இரண்டு அடி முன்னால் நகர்ந்தான். அன்று மதியம் எங்களில் மூன்று பேரைத் தூக்கி வெளியே அனுப்பியவன். டேனர் திரும்பப்போகிற இடத்திலேயே வந்து நின்றான். வெளிப் பக்கம் புல் காலி. எனக்கே தெரிகிறது என்றால் டேனருக்குத் தெரியாமல் இருக்குமா? பக்கவாட்டில் பார்த்தேன். அவன் முப்பத்தொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயதிலிருந்து எனக்குப் பழக்கமான பார்வை. எதிரியைப் படித்து முடித்துவிட்ட பார்வை.

'போயிடாதடா' என்று மனதுக்குள் கெஞ்சினேன். 'வெளிய போயிடாத.'

பிக்கெட் குரல் கொடுத்தான். பந்தைப் பின்னால் தள்ளினேன். என் எதிரில் இருந்தவன் என் மேல் விழுந்தான். இருவரும் புரண்டோம். அப்புறம் எனக்குப் பார்க்க எதுவும் இல்லை. சத்தம் மட்டும் கேட்டது. களஞ்சியத்தின் இரும்புக் கதவை யாரோ ஓங்கிச் சாத்தியது போல ஒரு சத்தம்.

எழுந்து ஓடினேன். டேனர் மல்லாந்து கிடந்தான். ஹெல்மெட் திரும்பி ஒரு கண் மட்டும் தெரிந்தது. பந்து அவன் வயிற்றில் இருந்தது. இரண்டு கையும் அதைப் பூட்டியிருந்தன. டேப் பிய்ந்து சுண்டுவிரல் தனியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, இன்றைக்கு நிற்பது போலவே.

"எங்க இருக்கேன்?" என்றான்.

"சொன்ன எடத்துல" என்றேன்.

பதினொரு கஜம். நடுவர் அவன் கையிலிருந்து பந்தைப் பிரிக்க இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. எங்கள் பையன் உதைத்த பந்து காற்றில் தள்ளாடி, கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. ஒரு புள்ளியில் ஜெயித்தோம். அந்த ஆரவாரத்தில், கோட்டுக்கு வெளியே கிடத்தியிருந்த டேனரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். இரண்டு விலா எலும்பு முறிவு. வேலி தாண்டி வந்த அவன் அப்பா ஸ்ட்ரெச்சர் கூடவே நடந்தார். ரேடியோ இன்னும் காதில் இருந்தது. மகனுடைய ஹெல்மெட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வீடியோ அறையில் எல்லாரும் உட்கார்ந்தோம். சீசன் முடிந்துவிட்டது, பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனாலும் ஒருவன்கூட வராமல் இல்லை. டேனர் நெஞ்சில் கட்டோடு ஓர நாற்காலியில் இருந்தான். கோச் அந்த நான்காவது முயற்சியைப் போட்டார். ஆறாவது அடியில் நிறுத்தினார். திரையில் டேனரின் தலை லேசாக வெளிப் பக்கம் திரும்பியிருந்தது.

"இங்க என்ன பாத்தே?"

"புல்லு கோச். நல்ல காலிப் புல்லு."

"முப்பத்தொண்ண?"

"அவனையும்தான்."

"அப்புறம் ஏன் உள்ள போனே?"

டேனர் தோளைக் குலுக்கப் பார்த்தான், வலித்தது, விட்டுவிட்டான். பதில் பின்வரிசையிலிருந்து வந்தது.

"கோச், இன்னொரு தரம் என்னப் பாருங்க" என்றான் பிக்கெட்.

பார்த்தோம். திரையின் ஓரத்தில் பிக்கெட் வெறும் கையோடு நின்றான். பந்து ஏற்கெனவே காற்றில் இருந்தது. டேனர் திரும்புவதற்கு முன்பே, அங்கே யாருமே இல்லாதபோதே, அவன் எறிந்து முடித்திருந்தான்.

"பெருசு வந்துடும்னு தெரியும்" என்றான்.

கோச் படத்தை ஓடவிட்டார். ஏழு. உள்ளே. அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. பெல்லமி முகத்தை மூடிக்கொண்டான். டேனர் மட்டும் கண் கொட்டாமல் பார்த்தான். தன் மேல் அந்த இடி விழுவதை அல்ல, காற்றில் வரும் பந்தை.